பல்லேபொலப் பாதையில் ஒரு பகல்

யாழ்ப்பாணத்திலே பிறந்தவனுக்கு மலை என்றால் இன்னதென்று தெரியாது. கீரிமலை என்று எங்களிடம் ஒன்று உண்டு; பெயர்தான் உண்டு. குடாநாட்டுத் தரை ஓலைப்பாயை விரித்துவிட்டதுபோல் கிடப்பது. அத்தகைய தரையில் ஐம்பது ஆண்டுக்கு மேலாகத் துவிச்சக்கரவண்டி மிதித்த ஒருவன், தனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருப்பது இயல்பேயன்றோ? எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. கண்டிப் பயணத்தின் ஐந்தாம் நாள், மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலப் பாதையிலே, காலை பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் அது என்னைவிட்டு நீங்கிற்று.

அறுபத்துநான்கு வயதில், துணைக்கு ஒருவருமின்றி, கியர் இல்லாத பழைய வண்டியொன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். வீட்டிலே கேட்டார்கள். மருத்துவர் கேட்டார். 321 கிலோமீற்றர் நீளமான ஏ9 வீதியின் ஓரத்திலே தேநீர் விற்கும் எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லாருக்கும் நான் சொன்ன விடை ஒன்றுதான்: பல்லேபொலவில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. யாருக்கு என்றால், பெயர் தெரியாது. எந்த வீட்டில் என்றால், அதுவும் தெரியாது. ஆகவே விடையைக் கேட்டவர்கள் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தார்கள் என்றால் அவர்கள்மீது குற்றமில்லை.

வண்டியும் அதன் சொந்தக்காரரும்

இந்த வண்டியின் கதையைச் சொல்லாமல் பயணத்தின் கதையைச் சொல்ல இயலாது. இது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரத்துத் தயாரிப்பான றலி சைக்கிள். 1954ஆம் ஆண்டு என் தகப்பனார் தம் முதற்சம்பளங்களைச் சேர்த்து வாங்கியது. அவர் அப்போது மலேரியாத் தடுப்பு இயக்கத்தில் வெளிக்கள ஊழியராகச் சேர்ந்திருந்தார். பல்லேபொலவில் ஒரு கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து சுற்றுவட்டாரத்துக் குக்கிராமங்களுக்கெல்லாம் தனியே சைக்கிளில் போய் வருவார். காய்ச்சல்காரரின் விரல்நுனியைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டிலே பூசிக் காயவைத்து, பரிசோதனைக்கு அனுப்புவது அவர் வேலை. வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அதனுடன் சேர்ந்தது.

அந்த வேலையின் பெறுமதி இன்றைய இளைஞர்களுக்கு எளிதில் விளங்காது. 1934-35ஆம் ஆண்டுகளில் இந்தத் தீவிலே பரவிய மலேரியாக் கொள்ளையில் ஏறக்குறைய 80,000 உயிர்கள் மடிந்தன. மழை பொய்த்து ஆறுகள் வற்ற, ஆற்றுப்படுகையின் குட்டைகளிலே நுளம்பு பெருகியதே அதற்குக் காரணம். மழை மிகுந்தால் அன்றி, மழை குறைந்தாற்கூட வரக்கூடிய நோய் அது. 1946இல் தீவெங்கும் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கிய பின் நோய் படிப்படியாக ஒடுங்கி, 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டது. வென்றுவிட்டோம் என்று அயர்ந்திருந்தபோது அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே அது மறுபடி இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. முற்றாக நீங்கிவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது 2016 செப்ரெம்பரில். தகப்பனார் அதைக் காணவில்லை, 2004இலேயே காலமாகிவிட்டார்.

மலைநாட்டு வேலையைப் பற்றி அவர் அதிகம் பேசியவரல்லர். "ஏத்தம் வந்தால் இறங்கி உருட்டுறது, அவ்வளவுதான்" என்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எங்களூரில் மதகு ஒன்றைக் கடந்ததும் வீதி சற்றே தாழ்ந்து செல்லும். தாழ்வு என்றால் ஒரு முழங்கூட இராது. அந்த இடத்தில் அவர் ஒவ்வொரு நாளும் சைக்கிளை விட்டு இறங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்து, சமதரை வந்தபின் மறுபடி ஏறுவார். பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

1958ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நாட்டிலே இனக்கலவரம் மூண்டது. தகப்பனார் வாடகைக்கு இருந்த கடையின் முதலாளி ஒரு சிங்களவர். அவர் என் தகப்பனாரை இரண்டு இரவுகள் கொப்பரா மூட்டைகளின் பின்னே இருத்திவைத்து, மூன்றாம் நாள் விடியுமுன் லொறியொன்றில் மாத்தளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உயிர் தப்பி ஊர் வந்தவர் சைக்கிளை நினைக்கவில்லை. மூன்று மாதங்களின் பின் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்திலிருந்து ஆள் வந்தது. மாத்தளையிலிருந்து புகையிரதத்தில் அனுப்பப்பட்ட சைக்கிள், கைப்பிடியில் சாக்குச் சுற்றி, கரியரிலே மிளகுப் பொட்டலம் ஒன்று கட்டி, வந்து நின்றது. தகப்பனார் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்ற ஐயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அந்த முதலாளியின் பெயர் புகையிரதப் பற்றுச்சீட்டிலே இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் வீட்டோடு விட்டுவந்த பெட்டிகளில் அந்தச் சீட்டும் ஒன்று. சைக்கிள் மட்டும் எங்களோடு வந்தது. கரியரில் அரிசி மூட்டையும், அதன்மேல் என் தாயாரும். எரிபொருள் இல்லாத அந்த ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தில் சைக்கிள்தான் மோட்டார்வண்டி, சைக்கிள்தான் அம்புலன்ஸ், கிளாலிக் கடலிலே தோணியில் ஏறிக் கடந்ததும் சைக்கிள்தான். அந்தக் காலத்தை அறிந்தவர்கள், இப்படி ஒரு பழைய வண்டியை ஏன் விற்கவில்லை என்று கேட்கமாட்டார்கள்.

பக்கவழி

மாசி மாதம். வாடைக்காற்று முதுகைத் தள்ள, மாங்குளம், வவுனியா, மரதன்கடவல என்று தங்கித் தங்கி, நான்காம் நாள் மாலை தம்புள்ளையை அடைந்தேன். ஐந்தாம் நாள் விடிவதற்குள் எழுந்துவிட்டேன். தம்புள்ளையில் மொத்த மரக்கறிச் சந்தை உண்டு; இரவெல்லாம் லொறிகள் வந்து போகும். அங்கிருந்து நாவுல, நாலந்த வழியாக மாத்தளைக்குச் செல்லும் ஏ9 வீதி தோளோடு தோள் உரசும் லொறி வீதி. கலேவெலச் சந்திக்குப் போய், அங்கிருந்து வஹாகோட்டை, அகுரம்பொட, பல்லேபொல, மடவல உல்பொத என்று ஊரூராகத் தொட்டுக்கொண்டு, மாத்தளைக்கு வடக்கே பலாபத்வலவில் மறுபடி ஏ9 வீதியோடு சேரும் பக்கவழி ஒன்று உண்டு. நான் போக வேண்டியதும் அந்த வழிதான்.

கலேவெலவரை சுமார் இருபது கிலோமீற்றர். காலைக் குளிரில் அது ஒரு பொருட்டேயன்று. சந்தியிலே தேங்காய்ப்பூ ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றேன். பிரான்சு நாட்டிலே போல் த விவி என்று ஒருவர் இருந்தார், 1930இல் மறைந்தவர். நெடுந்தூரச் சைக்கிள் பயணிகளுக்கு ஆசான் போன்றவர். பசி வந்த பின் உண்பதும் தாகம் வந்த பின் குடிப்பதும் காலங்கடந்த செயல்கள் என்பது அவர் போதனை. அந்த அறிவுரையைக் கடைப்பிடித்து மேலும் ஒரு ரொட்டி தின்றேன். ரொட்டி சுட்டவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். "யாபனே இந்தலா" என்றேன். அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டாவது ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

வஹாகோட்டையைக் கடக்கும்போது புனித அந்தோனியார் ஆலயத்துக்கு வழிகாட்டும் பலகை தெரிந்தது. ஒல்லாந்தர் காலத்திலே கத்தோலிக்கரை அவர்கள் வருத்தியபோது, கண்டி இராச்சியத்தின் நிழலில் கத்தோலிக்கர் வாழ்ந்த பழைய ஊர் இது. நின்று பார்க்க ஆசைதான். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீதியும் ஏறத் தொடங்கிவிட்டது.

ஏற்றம்

கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குக் கணக்கை விட முடியுமா? என் வண்டியின் முன் சக்கரப்பல் 44, பின் சக்கரப்பல் 18. பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் முன்னே செல்லும். சமதரையிலே இது மிகச் சிறந்த ஏற்பாடு. நூறு மீற்றர் தூரத்துக்கு ஏழெட்டு மீற்றர் உயரும் வீதியிலோ, ஒரே ஒரு சுற்றுக்குள் என்னையும் வண்டியையும் மூட்டையையும் சேர்த்துத் தொண்ணூறு கிலோவுக்கு மேலான பாரத்தை ஒரு முழ உயரம் தூக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு முடியும். ஐம்பது சுற்றுக்கு முடியும். அதன்பின் முழங்கால் தன் கருத்தைச் சொல்லிவிடும்.

கியர் வைத்த வண்டி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கியிருக்கலாம். ஆனால் கியரை உலகம் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன த விவி அதற்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்திலோ 1937ஆம் ஆண்டுவரை செயினை மாற்றும் கியர்ப் பொறிக்கு இடமே கொடுக்கவில்லை. அது வீரனுக்கு அழகன்று என்று கருதினார்கள். அயர்லாந்துப் பெண்மணி டேர்வ்லா மேர்பி 1963இல் தம் நாட்டிலிருந்து இந்தியாவரை தன்னந்தனியே சைக்கிளில் வந்தபோது, ஆசியாவின் வீதிகளை அது தாங்காது என்று, வண்டியிலிருந்த கியரைக் கழற்றிவிட்டே புறப்பட்டார். ஆப்கானிஸ்தானத்து மலைகளை அப்படியே கடந்தார். நான் அந்த அம்மையாரை நினைத்து மேலும் இருபது சுற்று மிதித்தேன். பிறகு இறங்கினேன்.

இறங்கி உருட்டத் தொடங்கியதும், அதுவரை வியர்வையின் ஊடே மங்கலாகத் தெரிந்த நாடு தெளிவாகத் தெரியத் தொடங்கிற்று. வீதியின் கீழே பள்ளத்தில் படிப்படியாக வயல்கள். மேட்டிலே பலாவும் கமுகும் கித்துளும் நெருங்கி நிற்க, மரந்தோறும் மிளகுக்கொடி படர்ந்திருந்தது. நிழலிலே கொக்கோ, அதன் காய் கிளையிலன்றி அடிமரத்திலேயே ஒட்டினாற்போல் தொங்குவதை நான் முதன்முறையாகப் பார்த்தேன். வீட்டு முற்றத்துப் பாயிலே மிளகு காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் நாட்டிலே வீட்டை வேலி மறைக்கும். இங்கே வீடு மேட்டில் இருப்பதால் வேலிக்கு வேலை இல்லை. உருட்டிச் செல்பவனை வீட்டார் எல்லாரும் பார்க்கிறார்கள். "கொஹெத யன்னே?" என்று, எங்கே போகிறாய் என்று, மேலிருந்து குரல் வருகிறது. "பல்லேபொல" என்று கீழிருந்து நான் சொல்கிறேன். "சந்தோசம்" என்பதுபோல ஒரு கையசைப்பு. ஓட்டிச் செல்பவனுக்கு இவை கிடைக்கமாட்டா.

இந்த நாட்டார்க்கும் வீதிக்கும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1848ஆம் ஆண்டில் ஆங்கில அரசு, வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது பணமாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் செய்தது. மற்ற வரிகளோடு இதுவும் சேர, மாத்தளையிலே கிளர்ச்சி வெடித்தது. ஜூலை 26ஆம் திகதி கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையிலே மன்னனாக முடிசூடி, மாத்தளை வழியே கண்டியைப் பிடிக்கப் புறப்பட்டான். இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்து, அவனுடைய தளபதி புரன் அப்பு ஓகஸ்ட் 8இல் கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டான். நான் உருட்டிச் செல்லும் சீரான தார் வீதியை அன்றைய ஆறு நாள் கூலி போட்டதென்று சொல்ல எனக்குச் சான்றில்லை. ஆயினும் நடந்து ஏறும் ஒருவனுக்கு இந்த நினைவு வராமற் போகாது.

இறக்கம்

தம்புள்ளையைவிட மாத்தளை ஏறக்குறைய 200 மீற்றரே உயரம். படத்திலே பார்க்கும்போது அது சிறு தொகையாகத் தோன்றும். உண்மையில் மலைநாட்டு வீதி வங்கியிற் போட்ட பணம்போல் ஏறிக்கொண்டே இருப்பதில்லை. ஏறியதைப் பாதி செலவழித்து, மறுபடி உழைக்கச் சொல்லும். அகுரம்பொடவைக் கடந்தபின் அப்படியோர் இறக்கம் வந்தது. பட்ட பாட்டுக்கு ஈடாக ஒரு சுகம் என்று ஏறி உட்கார்ந்தேன். காற்று முகத்தில் அடித்தது. அரை நிமிடம் பதினெட்டு வயதானேன்.

பழைய றலியின் பிறேக், இந்நாளைய வண்டிகளில் உள்ளதுபோல் கேபிளால் இயங்குவதன்று. கம்பிகளால் இணைந்து, இரண்டு இறப்பர்க் கட்டைகளைச் சக்கர வளையத்தின் உட்புறத்தில் மேல்நோக்கி இழுத்து அழுத்துவது. யாழ்ப்பாணத்திலே அதற்கு வேலை மிகக் குறைவு; நாய் குறுக்கே வந்தாலன்றி நான் அதைத் தொடுவதேயில்லை. இங்கே முதல் வளைவிலிருந்து விடாமல் பிடித்தேன். நூறு மீற்றர் உயரத்தை மெல்ல மெல்லப் பிறேக் பிடித்து இறங்கினால், அந்தக் கட்டைகளில் எழும் வெப்பம் ஒரு பெரிய குவளைத் தேநீருக்கான நீரைக் கொதிக்கவைக்கப் போதும். இந்தக் கணக்கை முப்பது ஆண்டுகள் கரும்பலகையிலே எழுதியவன் நான். எழுதியது வேறு, இறப்பர் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியபோது தெரிந்தது வேறு.

இரண்டாம் வளைவில் முன் கட்டை ஒன்று தெறித்துப் போயிற்று. பின் பிறேக் பிடித்தது, பிடிக்கவில்லை, மறுபடி சற்றே பிடித்தது. எதிரே பஸ்வண்டி ஒன்று வளைவில் திரும்பி ஏறி வந்துகொண்டிருந்தது. இடப்புறம் பள்ளம், வலப்புறம் மலைச்சரிவின் அடியில் புல்மண்டிய வாய்க்கால். பஸ்ஸுக்கு முன்னே குறுக்கே வெட்டி அந்த வாய்க்காலில் விழுவதா, பள்ளத்து ஓரத்தை நம்பி நேரே போவதா என்று யோசிக்க நேரமிருந்ததாக எனக்கு நினைவில்லை. வாய்க்காலிலே விழுந்திருந்தேன் என்பதுதான் அடுத்து நினைவிலிருப்பது.

பஸ்வண்டி நின்றது. சாரதியும் நடத்துநரும் ஏழெட்டுப் பயணிகளும் இறங்கி வந்தார்கள். முழங்காலிலும் முழங்கையிலும் தோல் போயிருந்தது, வேறொன்றுமில்லை. ஒரு பெண்பிள்ளை தன் தண்ணீர்ப் போத்தலால் காயத்தைக் கழுவினாள். சாரதி மட்டும் என்னை நன்றாக ஏசினார். சிங்களத்தில் எனக்குத் தெரிந்த சொற்கள் சிலவே. எனினும் அவர் சொன்னது முழுவதும் விளங்கிற்று, முழுவதும் நியாயமாகவும் இருந்தது.

கீழ்ச்சந்தை

பல்லே என்றால் கீழ். பொல என்றால் சந்தை. பல்லேபொல, சொல்லைப் பிரித்தால், கீழ்ச்சந்தை. நொண்டிக்கொண்டு வண்டியை உருட்டி அந்தக் கீழ்ச்சந்தையை அடைந்தபோது பகல் ஒரு மணி.

சைக்கிள் திருத்துபவர் ஐம்பது வயதுக்காரர். கடை முழுவதும் மோட்டார் சைக்கிள்கள். சைக்கிள் ஒன்றுகூட இல்லை. என் வண்டியைக் கண்டதும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். கம்பி பிறேக்குக்குரிய கட்டை தம்மிடம் மட்டுமல்ல, மாத்தளையிலும் கிடையாது என்றார். பிறகு பழைய லொறி ரயர் ஒன்றை இழுத்துப்போட்டு, கூரிய கத்தியால் ஒரு துண்டை வெட்டி, அரத்தில் தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்த்தார். ஒரு மணி நேரம் பிடித்தது. நான்கு கட்டைகளையும் மாற்றிவிட்டார். முன்னூறு ரூபா வாங்கினார். கையால் சைகை காட்டிச் சொன்னார்: சமதரையில் ஓட்டலாம், ஏற்றத்தில் முடிந்தால் ஓட்டலாம், இறக்கத்தில் இறங்கி நடக்க வேண்டும், இந்த வண்டிக்கு அதுதான் முறை, முந்திய காலத்தில் எல்லாரும் அப்படித்தான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களூர் மதகடியில் சைக்கிளை விட்டு இறங்கும் மனிதர் என் கண்முன்னே வந்து நின்றார். நான்கு ஆண்டு இந்த மலைகளிலே கண்ணாடித் துண்டுகள் நிறைந்த பெட்டியைக் கரியரிலே கட்டிக்கொண்டு திரிந்தவர், இறக்கம் என்ற ஒன்றைக் கண்டால் இறங்கிவிடும்படி தம் கால்களைப் பழக்கியிருக்கிறார். கால்கள் அதை நாற்பது ஆண்டு மறக்கவில்லை. நாங்கள் சிரித்தோம். அவர் ஒருநாளும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பழைய கடைகளைப் பற்றி விசாரித்தேன். எனக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழும் சேர்ந்து ஒரு மனிதனுக்குரிய பேச்சாக ஆயிற்று. எழுபது ஆண்டுக் கதைக்குத் தாம் போதாது என்று, கடைக்குப் பின்னே ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். "ஆச்சி" என்று கூப்பிட்டார். பாட்டியைச் சிங்களவரும் ஆச்சி என்றே அழைப்பர்; நாங்களும் அப்படியே. எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி வெளியே வந்தார். நானும் ஆச்சி என்றே அழைத்துக் கும்பிட்டேன்.

சைக்கிளில் வந்து இரத்தம் எடுத்த தமிழ் ஐயாவை நினைவிருக்கிறதா என்று திருத்துபவர் கேட்டார். மூதாட்டியின் முகம் மலர்ந்தது. "லே கன்ன மஹத்தயா!" என்றார், இரத்தம் எடுக்கிற ஐயா. அவர் வருகிறார் என்றால் பிள்ளைகள் எல்லாரும் மிளகுத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிவார்களாம். தம்மையும் தாயார் இழுத்து வந்து விரலைக் கொடுக்கச் செய்தாராம். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். நல்ல கறுப்பு, நெட்டை, இவ்வளவு பெரிய மீசை என்று கையால் காட்டினார்.

என் தகப்பனார் குட்டையானவர். மீசை வைத்ததே இல்லை.

அதைச் சொன்னபோது மூதாட்டி கவலைப்படவில்லை. ஒருவர் இருவரா வந்தார்கள், மாறி மாறி எத்தனையோ பேர் வந்தார்கள், எல்லாரிடமும் சைக்கிள் இருந்தது என்றார். கொப்பராக் கடை இருந்தது உண்மை. முதலாளி இறந்து வெகுகாலம். பிள்ளைகள் கடையை விற்றுவிட்டு வெளியூர் போய்விட்டார்கள். வீதியை அகலமாக்கியபோது கட்டடமும் போயிற்று. பெயரைக் கேட்டேன். முதலாளி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள் என்றார். கொப்பரா மூட்டைகளின் பின்னே இருந்த இரண்டு இரவுகளைப் பற்றியும் கேட்டேன். திருத்துபவர் அதை மொழிபெயர்க்கச் சற்றுத் தயங்கினார். மூதாட்டி கேட்டுவிட்டு, சிறிது நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களைப் பற்றி வீட்டிலே பிள்ளைகளுக்கு முன் யாரும் பேசியதில்லை என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கட்டிக் குட்டான் ஒன்று கொண்டுவந்திருந்தேன். மிளகுப் பொட்டலத்துக்குப் பதிலாகக் கொடுக்க எண்ணியது. அதை அவர் கையிலே கொடுத்தேன். தேநீர் வந்தது. மூதாட்டி பனங்கட்டியில் ஒரு துண்டை உடைத்து, வாயிலிட்டு, தேநீரை ஒரு மிடறு குடித்து, நெடுநேரம் சுவைத்துப் பார்த்தார். கித்துள் கருப்பட்டியின் அளவுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு இன்னொரு துண்டை உடைத்தார்.

மூன்று மணிக்குப் புறப்பட்டேன். மடவல உல்பொத வழியில் மேகம் கவிந்து, தூறல் விழுந்து, விட்டது. உல்பொத என்றால் ஊற்று. ஏற்றங்களில் முடிந்தவரை மிதித்தேன். இறக்கங்கள் எல்லாவற்றிலும், சிறிதோ பெரிதோ, இறங்கி நடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் சிலர், இறக்கத்திலே சைக்கிளை உருட்டிச் செல்லும் கிழவனைக் கண்டு ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பலாபத்வலவில் லொறிகளின் ஓசை மறுபடி கேட்டது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே மன்னார்க் கரையில் இறங்கி, காடும் கொள்ளைநோயும் தின்றது போக எஞ்சியவர்களாய், மாத்தளைக்கு நடந்து வந்த வடபாதை இதுதான். ஏற்றத்துக்கு இறங்கி உருட்டச் சைக்கிளும் அவர்களுக்கு இல்லை. சந்தியிலே பூட்டிய கடையொன்றின் படியில் உட்கார்ந்து முழங்காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். மணி ஐந்தரை. டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்துவிட்டு, வீதியின் இடப்புற ஓரத்தைப் பிடித்து, மாத்தளைப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.